பொம்மைகளின் அடிப்பக்கம்

வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய செய்தித்தாளில் சுற்றிய 11 பொம்மைகள் இருந்தன. சின்னம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துச் சமையலறை மேசையில் வைத்தார். வைத்த விதத்தில் ஒரு வரிசை இருந்தது. குடை பிடித்த பையன் இடது ஓரம், மரக்கிளையில் இருந்த பையனும் பெண்ணும் நடுவில், புத்தகம் படிக்கும் சிறுமி வலது ஓரம். ஒன்பது வருடமாக அவை அந்த வரிசையில்தான் அலுமாரியில் நின்றனவாம்.

"இதுகளுக்கு என்ன விலை வருமெண்டு பாத்துச் சொல்லு பிள்ளை. நீ படிச்சனிதானே" என்றார்.

நான் படித்தது வரலாறு. பொம்மைகளுக்கு விலை வைக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் சின்னம்மா கேட்டுவிட்டார். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தவர் அவர். உணவகச் சமையற்கட்டு, மருத்துவமனைச் சலவைக்கூடம், பிறகு வீடுகள். 2009 முதல் 2018 வரை ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு மூதாட்டியின் வீட்டில் வேலை செய்தார். சின்னம்மா அவரை "ஓமா" என்றுதான் சொல்வார். ஜேர்மன் மொழியில் பாட்டி என்று பொருள். அந்த வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் நின்ற பொம்மைகள்தான் இவை. ஓமா இறந்தபின் வீட்டைக் காலி செய்ய வந்த பிள்ளைகள், "வேண்டுமானால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் குப்பைக்குத்தான் போகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தில் நின்றிருந்த இரண்டு மாதப் பாக்கியைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சின்னம்மாவும் கேட்கவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு புத்தகமும் இருந்தது. 1980களில் அச்சான விலைப்பட்டியல். ஓமா தன்னிடமிருந்த ஒவ்வொரு பொம்மைக்கும் எதிரே பென்சிலால் ஒரு சரி போட்டு, கடைசிப் பக்கத்தில் கூட்டியும் வைத்திருந்தார்: 4,200 மார்க். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,150 யூரோ. சின்னம்மாவின் கண் அந்தக் கூட்டுத்தொகையில் நின்றது. ஊருக்குப் போய்வர இரண்டு டிக்கெட்.

பொம்மையை மதிப்பிட வேண்டுமானால் அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நான் கற்ற முதல் பாடம் இது. பீங்கான் தொழிற்சாலைகள் தம் அடையாளத்தை அடிப்பக்கத்தில்தான் பதிக்கின்றன. ஜேர்மனியின் மைசன் தொழிற்சாலை 18ஆம் நூற்றாண்டிலிருந்து நீல நிறத்தில் குறுக்காகப் போட்ட இரண்டு வாள்களை வரைந்து வருகிறது. அதைப் போலி செய்தவர்களுக்கு அளவே இல்லை. நாட்டின் பெயர் கிடைத்தால் காலம் கொஞ்சம் பிடிபடும். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் நாட்டின் பெயர் தாங்கிய பொருள் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. ஜப்பானியப் பொம்மைகளில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற முத்திரை இருந்தால், அது உலகப் போர் முடிந்ததற்கும் 1952க்கும் இடைப்பட்டது. ஒரு நாடு தோற்ற கதையைக் குட்டி நாய்ப் பொம்மையின் வயிற்றில் படிக்கலாம்.

சின்னம்மாவின் பொம்மைகளில் பத்தின் அடியில் ஒரு தேனீ இருந்தது. ஆங்கில 'வி' எழுத்துக்குள் பறக்கும் தேனீ. சிலவற்றில் அது இறகும் உடலுமாகத் தெளிவாக இருந்தது, சிலவற்றில் வெறும் புள்ளியும் முக்கோணமுமாகச் சுருங்கியிருந்தது. கூடவே "டபிள்யூ. ஜேர்மனி", அதாவது மேற்கு ஜேர்மனி. 1949இல் பிறந்து 1990இல் மறைந்த நாடு. எல்லாப் பொம்மையிலும், அடிப்பீடத்தின் விளிம்பில், களிமண் ஈரமாக இருந்தபோதே கீறியதுபோல் ஒரு கையெழுத்து: எம்.ஐ. ஹும்மெல்.

"இது ஆர்?" என்றார் சின்னம்மா. ஒன்பது வருடம் துடைத்தும் அந்த எழுத்தை அவர் பார்த்ததில்லை. துடைக்கிறவர் விளிம்பைப் பார்க்க நேரம் எங்கே?

"ஒரு கன்னியாஸ்திரி. அவதான் இதுகளைக் கீறினது."

"சிஸ்டர் ஒராளோ!" சின்னம்மா யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர். பொம்மையை உடனே நேராக நிமிர்த்தி வைத்தார்.

பெர்த்தா ஹும்மெல் 1909 மே 21 அன்று பவேரியாவின் மாஸிங் என்ற சிற்றூரில் பிறந்தார். ஹும்மெல் என்ற குடும்பப் பெயருக்கு ஜேர்மன் மொழியில் வண்டுத்தேனீ என்று பொருள். அடிப்பக்கத்துத் தேனீ அங்கிருந்து வந்ததுதான். 1927இல் மியூனிக் நகரின் பயன்கலைக் கல்லூரியில் சேர்ந்து, 1931இல் சிறந்த மாணவியாகத் தேறினார். அந்தக் கல்வியோடு அவர் தன் பெயரில் ஓவியராகத் தொழில் தொடங்கியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு தெற்கு ஜேர்மனியின் ஸீசென் என்ற இடத்திலுள்ள பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1933இல் அவருக்கு மரியா இன்னோசென்ஷியா என்ற துறவறப் பெயர் கிடைத்தது. எம்.ஐ. என்பது அதுதான்.

பெண்ணியம் பேசும் நம்மில் பலர் இந்த இடத்தில் தயங்குவோம். நானும் தயங்கினேன். படித்த பெண் மடத்துக்குள் போனால் அது ஒடுங்கிப் போவது என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். 1931இன் ஜேர்மனியில் ஓவியம் படித்த கிராமத்துப் பெண்ணுக்கு வெளியில் என்ன காத்திருந்தது என்றும் கேட்க வேண்டும். மடத்தில் அவருக்குத் தூரிகை இருந்தது, நேரம் இருந்தது, கற்பிக்க வகுப்பறை இருந்தது. பக்கத்து ஊரான ஸவுல்காவின் பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தார். குருமார் அணியும் பூசை உடைகளையும் பீடத் துணிகளையும் வடிவமைத்தார். ஓய்வு நேரத்தில் குழந்தைகளைக் கீறினார். கிழிந்த காலுறை, பெரிய தலை, கலைந்த முடி, கையில் குடையோ கூடையோ. கிராமத்துக் குழந்தைகள்.

அந்தப் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சாகி விற்றன. 1934இல் புத்தகமாகவும் வந்தன. கோபர்க் நகருக்கு அருகே பீங்கான் தொழிற்சாலை நடத்திய ஃபிரான்ஸ் கோபெல் அந்த அட்டைகளைப் பார்த்து, இவற்றைப் பொம்மையாக்கலாம் என்று மடத்தை அணுகினார். கோபெல் தொழிற்சாலை 1871இல் தொடங்கியது. பொருளாதார மந்தத்தில் விற்பனைக்குத் திணறிக்கொண்டிருந்த காலம் அது. ஆர்தர் மோல்லர், ரைன்ஹோல்ட் உங்கர் என்ற இரண்டு சிற்பிகள் களிமண்ணில் வடிவம் செய்தார்கள். 1935 மார்ச்சில் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் முதல் பொம்மைகள் வைக்கப்பட்டன.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு புதிய வடிவத்தையும் அவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், பொம்மையில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தின் ராயல் டோல்டன் தொழிற்சாலை 1913 முதல் தன் பெண் பொம்மைகளுக்கு 'எச்.என்.' என்று தொடங்கும் எண்களைக் கொடுத்து வருகிறது. அந்த இரண்டு எழுத்தும் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்த ஹாரி நிக்ஸனின் பெயர். பாவாடை விரித்து நிற்கும் ஆயிரக்கணக்கான பீங்கான் சீமாட்டிகளின் அடியில் அவருடைய தலைப்பெழுத்துத்தான் இருக்கிறது. அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்டதை வடிவமைத்தவர் பெக்கி டேவிஸ் என்ற பெண். சேகரிப்பவர்கள் தேடிப் படித்தால்தான் அவர் பெயர் தெரியவரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது. அடிப்பக்கத்தில் முத்திரைக்குப் பக்கத்தில் சில வேளைகளில் தூரிகையால் போட்ட ஓர் எழுத்தோ புள்ளியோ இருக்கும். பொம்மைக்கு வண்ணம் தீட்டியவரின் அடையாளம் அது. சேகரிப்பாளர்களின் கையேடுகள் இதற்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை, ஏனென்றால் அதனால் விலை ஏறுவதில்லை. இங்கிலாந்தின் மட்பாண்ட மாவட்டமான ஸ்டாஃபர்ட்ஷயரில் வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பதின்மூன்று வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து, எத்தனை டசன் முடித்தார்களோ அத்தனைக்குக் கூலி வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மணிக்கட்டை நிலைநிறுத்த ஆண் ஓவியர்கள் ஒரு கைதாங்கியைப் பயன்படுத்தினார்கள். பெண்களுக்கு அதைத் தரக் கூடாது என்று அவர்களே தடுத்தார்கள். நுணுக்கமான வேலை, அதனால் கூடுதல் கூலி, தம் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம். பிறகு பெண்களின் வேலை அவ்வளவு நுணுக்கமில்லை என்று சொல்வது எளிதாகிவிட்டது.

ஈயம் இன்னொரு கதை. மெருகுப் பூச்சிலும் தூவும் வண்ணப் பொடியிலும் ஈயம் இருந்தது. உடம்பில் ஈயம் ஏறிய பெண்களுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது, குழந்தை இறந்து பிறந்தது, சிலர் பார்வை இழந்தார்கள். பிரிட்டனில் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் முதன்முதலாக நியமிக்கப்பட்டது 1893இல்தான். மே ஏப்ரஹாம், மேரி பேட்டர்ஸன் என்ற அந்த இருவரும் பின்னால் வந்தவர்களும் பட்டறைகளுக்குள் போன பிறகுதான் இவை அரசாங்கத் தாளில் ஏறின. கெர்ட்ரூட் டக்வெல் போன்றவர்கள் மகளிர் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் வழியாக ஈயமில்லாத மெருகுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். வண்ணத்தின் பளபளப்பு குறையும் என்பது முதலாளிகளின் பதிலாக இருந்தது. அந்தக் காலப் பொம்மைகளின் பளபளப்பை வியந்து எழுதும் கையேடுகளைப் படிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வந்துவிடுகிறது. என்ன செய்ய.

மரியா இன்னோசென்ஷியாவிடம் திரும்புவோம். 1937இல் நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படையினர் நடத்திய பத்திரிகை அவருடைய படங்களைக் கடுமையாகத் தாக்கியது. பெருத்த தலையும் கோணல் காலுமாக இருக்கும் இந்தப் பிள்ளைகள் ஜேர்மானியக் குழந்தைகளே அல்ல, இப்படிக் கீறுகிறவருக்கு ஜேர்மன் கலையில் இடமில்லை என்பது அதன் சாரம். கொடி பிடித்து அணிவகுக்கும் பொன்முடிப் பிள்ளைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். மூக்கு ஒழுகும் பிள்ளை அவர்களுடைய கனவில் இல்லை. ஆனால் பொம்மைகள் வெளிநாட்டில் விற்றன, அன்னியச் செலாவணி வந்தது. ஆகவே உற்பத்தியை முழுக்க நிறுத்தவில்லை. அவமதிக்கவும் வேண்டும், அவர் கையால் வரும் காசும் வேண்டும். பெண்களுக்கு இது பழக்கமான ஏற்பாடுதான்.

1940இல் மடத்தை அரசு பறித்தது. பெரும்பாலான சகோதரிகள் வெளியேற்றப்பட்டார்கள். அவரும் பெற்றோர் வீட்டுக்குப் போனார். சில மாதங்களில் திரும்பி வந்து, மடத்தின் ஒரு மூலையில் தங்க அனுமதிக்கப்பட்ட சிறு குழுவோடு சேர்ந்துகொண்டார். குளிருக்கு விறகில்லை, சாப்பாடு போதவில்லை. படங்களின் வருமானத்தில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. மீதியில் மடம் பிழைத்தது. 1944இல் அவருக்குக் காசநோய் கண்டது. போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1946 நவம்பர் 6 அன்று இறந்தார். வயது 37.

அவர் இறந்த பின்தான் பொம்மைகள் உலகம் சுற்றின. ஜேர்மனியில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் ஊருக்குத் திரும்பும்போது தாய்க்கும் மனைவிக்கும் வாங்கிப் போனார்கள். "அமெரிக்க மண்டலம், ஜேர்மனி" என்ற முத்திரையுள்ள பொம்மைகள் அந்தச் சில ஆண்டுகளுக்கு உரியவை. 1970களில் அமெரிக்காவில் அது ஒரு காய்ச்சலாக மாறியது. 1971 முதல் ஆண்டுத் தட்டுகள், 1977இல் சேகரிப்பாளர் சங்கம், ஆண்டுதோறும் விலை ஏறும் பட்டியல் நூல்கள். இது முதலீடு, பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து என்று கடைகள் சொல்லின. வாங்கியவர்களில் வீட்டில் இருந்த பெண்கள் மிக அதிகம். தம் பெயரில் வீடோ நிலமோ இல்லாத பெண்கள், மாதச் செலவில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஓமாவும் அப்படித்தான். "என்ர நகை இதுதான்" என்று சின்னம்மாவிடம் சொல்வாராம்.

பொம்மைகளைப் பரிசோதித்த கதைக்கு வருகிறேன். முதலில் ஒரு தெளிவு. எல்லோரும் இவற்றைப் பீங்கான் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பீங்கான் என்றால் சோறு சாப்பிடும் கோப்பைதான், அது வேறு விஷயம். உண்மையில் ஹும்மெல் பொம்மைகள் பீங்கான் அல்ல, நயமான சுடுமண். பீங்கானின் மெல்லிய விளிம்பில் கைவிளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். சுடுமண்ணில் ஊடுருவாது. மெருகு பூசாத அடிவளையத்தை நாக்கில் தொட்டால் சுடுமண் ஈரத்தை உறிஞ்சிச் சற்று ஒட்டும், பீங்கான் ஒட்டாது. நான் நாக்கை நீட்டியதும் சின்னம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

அடியில் எண் இருக்கும். மரக்கிளைப் பையனுக்கு 142, பெண்ணுக்கு 141. எண்ணுக்குப் பின் சாய்கோடு போட்டு ரோம எண் வந்தால் பெரிய அளவு, 3/0 என்பது போல வந்தால் சிறியது. அச்சுக்கு உரிமை பதிந்த ஆண்டும் சிலவற்றில் கீறப்பட்டிருக்கும். பொம்மை செய்த ஆண்டு அதுதான் என்று பலர் ஏமாறுகிறார்கள். அது அச்சின் ஆண்டு மட்டுமே. அதே அச்சில் முப்பது வருடம் கழித்தும் வார்த்திருக்கலாம். காலத்தைச் சொல்வது முத்திரைதான். தேனீ முழுதாக இருந்தால் பெரும்பாலும் 1950கள், சுருங்கிப் போனால் 1960கள், தேனீ காணாமல் போய்த் தொழிற்சாலையின் பெயர் மட்டும் இருந்தால் 1979க்குப் பின். தேனீக்கும் முந்தியது கிரீட முத்திரை. அது 1935 முதல் 1949 வரை. சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

பிறகு குறைகள். மெருகில் மயிர்போல ஓடும் வெடிப்புகள், குடையின் நுனி, விரல், செருப்பின் மூக்கு. கண் மங்கும் இடத்தில் விரல் நகம் சொல்லும். ஒட்டிய இடத்தைக் காட்டிக் கொடுப்பது புற ஊதாக் கைவிளக்கு. இருட்டில் அதைப் பிடித்தால் பிந்திய பசையும் பூச்சும் வேறு நிறத்தில் ஒளிரும். அப்படி ஒரு விளக்கை 9 யூரோவுக்கு வாங்கினேன்.

பதினோராவது பொம்மையை கடைசியாகத்தான் கவிழ்த்தேன். தரையில் இருந்து மடியில் பெரிய புத்தகத்தை விரித்துப் படிக்கும் சிறுமி. எண் 8. அடியில் கிரீடம் இருந்தது. 1949க்கு முந்தியது. அவர் உயிரோடு இருந்தபோதே செய்ததாகவும் இருக்கலாம். என் கை கொஞ்சம் நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைப் பிடித்தேன். கழுத்தைச் சுற்றி ஓர் ஒளிக்கோடு.

"ஒட்டியிருக்கு" என்றேன்.

சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது நான் ஒட்டினது" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். வெள்ளிக்கிழமை. துடைக்கும்போது கையிலிருந்து நழுவித் தலை தனியாக வந்துவிட்டது. ஓமா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு துண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு ஒட்டி, கழுத்துக்கு நகப்பூச்சு வாங்கித் தீட்டி, திங்கட்கிழமை காலையில் திரும்ப வைத்தார். அந்த இரண்டு நாளும் நித்திரை இல்லை. அனுமதிச்சீட்டுப் புதுப்பிப்பு ஒன்று அந்த மாதம் இருந்தது. களவு என்று சொல்லிவிட்டால்? பத்துப் பேரின் வீட்டுத் திறப்பு கையில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு பொம்மையின் கழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

"ஓமாவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சிருக்கும். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளையை மட்டும் தானே துடைப்பா. என்னைத் தொட விடேல்ல. ஒண்டும் கேக்கவும் இல்ல."

விற்பனைக்கு இருக்கும் விலையும் விற்ற விலையும் வெவ்வேறு. மதிப்பிடுவதில் நான் கற்ற இரண்டாவது பாடம் அது. இணையத்தில் யாரோ 300 யூரோ கேட்டுக்கொண்டு நாலு வருடமாகக் காத்திருக்கிறார். முடிந்த விற்பனைகளைத் தேடினால் அதே பொம்மை பத்து, இருபது யூரோவுக்குப் போயிருக்கிறது. காரணம் கடினமானதல்ல. இலட்சக்கணக்கில் செய்தார்கள். வாங்கிய தலைமுறை ஒரே காலத்தில் இறந்துகொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகளுக்குத் தூசி துடைக்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. ஒவ்வொரு பரணிலிருந்தும் ஒரு பெட்டி இறங்கி வருகிறது. கோபெல் தொழிற்சாலையே 2008இல் இந்தப் பொம்மைகளைச் செய்வதை நிறுத்தியது. வேறு நிறுவனம் ஒன்று பிறகு எடுத்து நடத்தியது. கிரீட முத்திரையோடு, பெரிய அளவில், குறையில்லாமல் இருப்பவை மட்டும் இன்னும் நல்ல விலை பெறுகின்றன. கழுத்து ஒட்டியவை அந்தக் கணக்கில் வராது.

இதே ஹும்மெல் பொம்மைகளைக் கலை விமர்சகர்கள் மலிவான இனிப்புக் கலை என்று தள்ளிவிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் மைசனில் யோஹான் யோவாகிம் கேண்ட்லர் செய்த இடைச்சிகளும் காதலர்களும் அரசர்களின் விருந்து மேசையை அலங்கரிக்கச் செய்தவைதான், அதற்கு முன் சர்க்கரையில் செய்து வைத்த உருவங்களுக்குப் பதிலாக வந்தவை. அவை இன்று அருங்காட்சியகத்தில், செதுக்கியவரின் பெயரோடு இருக்கின்றன. வேலையின் தரத்தில் இரண்டும் ஒன்று என்று நான் வாதிட வரவில்லை. கேண்ட்லரின் கை அபாரமான கை. ஆனால் அரண்மனை மேசையில் இருந்த அலங்காரம் கலையாகவும், பென்சனில் வாழும் பெண்ணின் அலுமாரியில் இருந்தது குப்பையாகவும் ஆனதில் தரம் மட்டும் வேலை செய்யவில்லை.

எங்கள் அம்மம்மாவின் கண்ணாடி அலுமாரியிலும் இரண்டு ஜப்பான் பொம்மைகள் இருந்தன. விசிறி பிடித்த பெண்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஓரிரவில் வெளியேறியபோது அவற்றை யாரும் எடுக்கவில்லை. அவற்றின் அடிப்பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை. சின்னம்மாவிடம் கேட்டேன். அவர் ஊரை விட்டு வந்து அப்போது பத்து வருடமாகிவிட்டிருந்தது. "கவிட்டுப் பாக்க அம்மா விட்டாத்தானே" என்றார்.

ஒரு சனிக்கிழமை பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். ஐந்து நிமிடம்தான் பார்த்தார். பத்துப் பொம்மைக்கும் சேர்த்து 70 யூரோ என்றார். புத்தகம் படிக்கும் சிறுமியின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அது வேண்டாம் என்று தள்ளி வைத்தார். நான் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஓமாவின் விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில், 4,200க்குக் கீழே, தன் பேனையால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம், வருடத்துக்கு 50 வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு வெள்ளியும் அரை மணி நேரம். பொம்மை துடைப்பது வேலைநேரக் கணக்கில் இல்லை, வீட்டுக்குப் போகிற வழியில் செய்வதாம். 225 மணி நேரம். ஜேர்மனியில் 2015இல் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.50 யூரோ. 1,912 யூரோ 50 சதம்.

தாளை அந்த மனிதரிடம் காட்டினார். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் சின்னம்மாவே ஜேர்மன் மொழியில் சொன்னார்: இந்த விலைக்குத் தருகிறேன், துடைத்த கூலி மட்டும், பொம்மைக்குக் காசு வேண்டாம்.

அவர் போன பின் பத்தையும் மறுபடி செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். பெட்டி இன்னும் என் அறையில் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. படிக்கும் சிறுமி சின்னம்மாவின் சமையலறை ஜன்னலில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். போன முறை போனபோது தலையில் தூசி படிந்திருந்தது.

"துடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார் சின்னம்மா.